கப்பல் ஏறும் உயரம்

கார்னிவல் முதலாளி அந்தக் கம்பை என் கையில் தந்தார். நான் அதைத் தரையில் ஊன்றிப் பிடித்துப் பார்த்தேன். கம்பில் பூசியிருந்த சிவப்புக் கோடு என் நெஞ்சுக்குழிக்கு நேரே வந்து நின்றது. என் மகன் என்னை ஒட்டி நிற்கும்போது அவனுடைய உச்சந்தலை வருகிற இடம் அது. அவன் மவுத்தாகி மண்ணுக்குள் போய்ப் பத்து வருடம் ஆகியிருந்தது.

"இந்தக் கோட்டுக்குக் கீழ உள்ள பிள்ளைகள் கப்பல்ல ஏற ஏலாது, நானா," என்றார் முதலாளி. அவர் சிலாபப் பக்கத்துச் சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார், அண்ணனை நாங்கள் கூப்பிடுவது போல நானா என்றே கூப்பிடுவார். "யார் வந்து கெஞ்சினாலும் ஏலாது. மந்திரிட பிள்ளை வந்தாலும் ஏலாது. விளங்கிச்சா?"

"ஓம்," என்றேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். புத்தளத்தில் இருந்து கற்பிட்டிக்குப் போகிற வீதியோரத்தில் ஒரு வெறுங்காணியை வாடகைக்கு எடுத்து, ஹஜ் பெருநாளுக்காகக் கார்னிவல் போட்டிருந்தார்கள். மழை இறங்கி உப்பளத்தில் வேலை நின்றுபோன நேரம். எனக்குக் கிடைத்தது கப்பலுக்கு வாசலில் நிற்கிற வேலை.

கப்பல் என்பது ஒரு பெரிய இரும்பு ஊஞ்சல். வள்ளம் மாதிரி வளைத்து, மஞ்சள் பச்சை பூசி, இரண்டு பக்கமும் உட்கார வாங்குகள் போட்டிருந்தார்கள். எல்லோரும் இருந்த பிறகு ஒரு இரும்புச் சட்டம் மடிக்கு மேல் வந்து விழுந்து பூட்டிக்கொள்ளும். உயரம் காணாத பிள்ளை அந்தச் சட்டத்துக்குக் கீழால் வழுகிப் போய்விடும். வேறோர் ஊரில் அப்படி ஒரு பிள்ளை விழுந்தது என்று முதலாளி சொன்னார். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வேறு விதிகளும் இருந்தன. வயிற்றில் பிள்ளை உள்ளவர்கள் ஏறக்கூடாது. செருப்பைக் கழற்றி வைக்க வேண்டும். முந்தானையும் பர்தாவும் வெளியே தொங்கக்கூடாது. இதையெல்லாம் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றார். எனக்குச் சத்தமாகச் சொல்ல வராது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

எங்கள் குடியேற்றத்தில் என் வயதுக்காரர்கள் அதில் ஏறவில்லை. நாங்கள் தொண்ணூறில் வெளியேற்றப்பட்டு, மன்னாரை விட்டு வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியவர்கள். பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு மாமியிடம், நீங்களும் ஏறுங்களேன் என்று யாரோ சொன்னார்கள். "அல்லாவே, ஒருக்கா ஏறி வந்து சேந்தது காணும்," என்றார் அவர். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.

அளவு எடுப்பது எனக்குப் புதிய வேலை இல்லை. எங்களிடம் யாராவது மவுத்தானால், கபுறுக் குழி வெட்டுகிறவர்களுக்கு நீளம் தெரிய வேண்டும். ஒருவர் போய் ஜனாஸாவின் பக்கத்தில் ஒரு தடியை வைத்து, தலைக்கும் காலுக்கும் சரியாக வெட்டி, மையவாடிக்குக் கொண்டுபோவார். இடம்பெயர்ந்து வந்த ஆரம்பத்திலேயே அந்த வேலை என்னிடம் வந்துவிட்டது. நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. நாலு பேர் கூடிய இடத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பேன். மவுத்து வீட்டுக்கு வாய் திறக்காத ஆள்தான் நல்லது என்று பெரியவர்கள் நினைத்திருக்கலாம்.

தடியைக் கையில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வீதியால் நடப்பேன். பார்க்கிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. தடியைத்தான் பார்ப்பார்கள். தடி நீளமாக இருந்தால் எழுந்து வந்து, யார் என்று கேட்பார்கள். தடி கட்டையாக இருந்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். பெண்கள் தங்கள் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தொடங்குவார்கள். எங்கேயோ விளையாடுகிற பிள்ளை பதில் தருகிற வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் வீதியின் முடிவுக்குப் போகிற வரை அந்தச் சத்தம் எனக்குப் பின்னால் வரும்.

மண் மூடும்போது தடியையும் உள்ளே போட்டுவிடுவோம். அளவைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பார்கள்.

என் மகன் காய்ச்சலில் போனபோது வேறொருவர் அளவு எடுக்க வந்தார். நான் விடவில்லை. நானே எடுத்தேன். அந்தத் தடியும் மண்ணுக்குள் போனது. அளவு மட்டும் என்னிடம் நின்றுவிட்டது. அலுமாரியின் பூட்டு அந்த உயரம். மாம்புரியில் ஒரு தோட்டத்தில் தக்காளிக்கு நட்டிருந்த கம்புகள் எல்லாம் அந்த உயரம். வரிசை வரிசையாக நின்றன. அதற்குப் பிறகு நான் அந்தப் பாதையால் போகவில்லை.

இப்போது அந்த உயரத்தில் கோடு போட்ட ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு, நான் கப்பலுக்கு வாசலில் நின்றேன்.

முதல் நாள் பின்னேரமே பிழை நடந்தது. கறுப்பு அபாயா போட்ட ஒரு இளம் தாய், ஆறேழு வயதுப் பையனைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினாள். நான் கம்பை அவன் முதுகோடு வைத்தேன். அளவு எடுக்கும்போது என் வாய் தன்பாட்டில் ஒன்றை ஓதும். இருபது வருடப் பழக்கம். அன்றைக்கும் ஓதிவிட்டது.

"என்ன ஓதுறீங்க?" என்றாள் அவள்.

நான் கம்பைக் கீழே இறக்கினேன்.

"இன்னா லில்லாஹி ஓதினீங்க! என்ட காதால கேட்டன்! உசிரோட நிக்கிற புள்ளைக்கு இன்னா லில்லாஹி ஓதுறான், பாருங்க!"

பையனை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவன் என்னவென்று விளங்காமல் அழத் தொடங்கினான். பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி என்னை உற்றுப் பார்த்தாள்.

"இவர் கபுறுக்கு அளவு கொண்டு போற நானா தானே?"

"ஓமடி, அவரேதான்."

"ஆளைப் புடிச்சி நிப்பாட்டின இடத்தைப் பாருங்களேன்!"

எங்கள் பக்கத்து வீதியில் இருக்கிற, வாய் நீளமான ஒரு மூத்த பெண் மட்டும் முன்னுக்கு வந்தார். "நானா, எனக்கும் ஒண்டு எடுத்து வெச்சிருங்க. பொறகு அவசரத்துக்குத் தேட வேண்டி வராது." அதற்குச் சிலர் சிரித்தார்கள். ஆனால் வரிசை கலைந்துவிட்டது.

அடுத்த நாள் கப்பலுக்கு ஆள் வரவில்லை. குதிரை ராட்டினத்தில் இடமில்லாமல் சனம் நின்றது. எங்கள் பக்கத்தில் பெரிய பையன்கள் சிலர்தான் வந்தார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்குத் தலையில் இருந்து கால் வரைக்கும் அளவு எடுப்பது கூடாத காரியம் என்று கதை பரவியிருந்தது. அதுவும் நான் எடுப்பது.

முதலாளி வந்தார். "என்ன நானா, என்ட கப்பல் காத்துக்கு ஆடுது?"

நான் நடந்ததைச் சொன்னேன். என்னை அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் தாடையைத் தடவினார். "எங்கட பக்கமும் சவப்பெட்டிக்கு அளவு எடுப்பாங்க," என்றார். "பெட்டி அடிக்கிற அந்த பாஸ் வீட்டுக்கு வந்தா என்ட அம்மாவும் எங்களை உள்ள போகச் சொல்லுவா."

வழி சொன்னது கப்பலின் என்ஜினைப் போடுகிறவர். உடப்பைச் சேர்ந்த, என்னை விடக் கொஞ்சம் இளைய மனிதர். முன்பு கடலுக்குப் போனவர்.

"கம்பை விடுங்க. வாசலுக்குக் குறுக்கால கயிறு ஒண்டைக் கட்டுவம்," என்றார். "தலை முட்டுற புள்ளை ஏறட்டும். முட்டாத புள்ளை ஐஸ்கிறீம் குடிச்சிட்டு வீட்ட போகட்டும். கயிறு ஒருத்தரையும் அளக்கிறதில்லை. அது தன்ர பாட்டில நிக்குது. புள்ளைதான் நடந்து வருகுது."

அது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. நான் கம்பை இரண்டு தூணுக்கும் பக்கத்தில் வைத்து, கோட்டுக்கு நேரே கயிற்றைக் கட்டினேன். கட்டி முடித்து விலகி நின்று பார்த்தேன். கயிற்றுக்குக் கீழே வெறும் வெளி இருந்தது. அதில் என் மகன் நின்றான். கண்ணால் கண்டேன் என்று சொல்லவில்லை. ஒரு கதவைத் திறக்கும்போது அறைக்குள் ஆள் இருப்பது எப்படித் தெரியுமோ, அப்படித் தெரிந்தது.

சனம் திரும்பி வந்தது. பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாகவே போய்விட்டது. நெற்றி முட்டினால் கத்தினார்கள். முட்டாதவர்கள் நுனிக்காலில் நடந்து பார்த்தார்கள். ஒரு பையன் தொப்பிக்குள் பொலித்தீன் பைகளைத் திணித்துக்கொண்டு வந்தான். அவர்கள் ஒவ்வொருவரும் என் மகனைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள். அவனை விடச் சின்னவர்கள் திரும்பிப் போனார்கள். விதி என்னவென்று முதலாளி சொன்னது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள்தான் ஏற ஏலாது. அவன் கோட்டில் நின்றான். அவன் வந்திருந்தால் நான் விட்டிருப்பேன்.

எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவன் போன பிறகு பிறந்தவள். அந்தப் பெருநாளில் அவள் அவனுடைய வயதுக்கு வந்திருந்தாள். அவளுடைய உயரத்தை யாரும் எடுத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் உயரமும் நிறையும் பார்க்கிற நாளில் என் மனைவி அவளை அனுப்பமாட்டாள். மிஸ் கேட்டால் காய்ச்சல் என்பாள். உடுப்புத் தைக்கக் கொடுப்பதும் இல்லை. கடையில் தொங்குவதில் கொஞ்சம் பெரிதாகப் பார்த்து வாங்குவாள். அளவு நாடா அந்தப் பிள்ளையின் உடம்பில் பட்டதே இல்லை. ஏன் என்று நாங்கள் இருவரும் ஒருநாளும் கதைத்துக்கொண்டது கிடையாது.

மகள் கப்பலுக்கு ஆசைப்பட்டாள். சாதாரண ஆசை இல்லை. சாப்பாட்டில் மனம் இல்லாமல் திரிந்தாள். அவளுடைய கூட்டாளிகள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். மேலே போனால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் தெரியும், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும் என்று வந்து சொல்லியிருந்தார்கள். "உன்ட வாப்பாதானே அங்க பெரியாள், உன்னை மட்டும் விடமாட்டாராமே," என்றும் சொல்லியிருந்தார்கள்.

"கம்பு என்ட புள்ளைட மேல படப்படாது," என்று மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள். கயிறு கட்டிய பிறகு மகள் அதைக் கொண்டுபோய்ச் சொன்னாள்.

"இப்ப கம்பு இல்ல, உம்மா. கயிறு. சும்மா நடந்து போறது."

மனைவி என்னைப் பார்த்தாள். "மெய்தானா?"

"ஓம்," என்றேன்.

"கயிறெண்டா பரவாயில்லை. கடைசி நாள் பாப்பம்."

கயிறு எந்த உயரத்தில் நிற்கிறது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. மகள் பாயில் படுத்திருக்கும்போது அவளைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். படுத்திருக்கிற பிள்ளையின் நீளம் என் கண்ணுக்குத் தானாகத் தெரிந்துவிடும் என்று பயம். எங்கள் வீட்டில் பிறந்த ஒரு பிள்ளையும் இன்னும் அந்த உயரத்தைத் தாண்டவில்லை. அவள் தாண்டினால் அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தாண்டாவிட்டால், அவளும் அங்கேயே நின்றுவிடுவாளோ என்று நினைப்பு வந்தது.

கடைசி நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு இருவரும் வந்தார்கள். நல்ல சனம். மகள் பெருநாள் சட்டை போட்டு, முடியை இழுத்துக் கட்டியிருந்தாள். மனைவி கொஞ்சம் தள்ளி, சோளப்பொரி விற்கிறவரின் கூடாரத்துப் பக்கம் நின்றுகொண்டாள். மகள் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது. நான் நின்ற தூணை ஒட்டி, என்னைப் பார்த்துச் சிரித்தபடி நேரே நடந்து வந்தாள்.

கயிறு அவளில் படவில்லை. அவள் தலைக்கும் கயிற்றுக்கும் இடையில் ஒரு விரல் நுழைகிற இடம் இருந்தது.

"படல்ல, படல்ல!" என்று பின்னால் நின்ற பிள்ளைகள் கத்தினார்கள்.

"வாப்பா?" என்றாள்.

"ஏலாது, மகள்," என்றேன். "அடுத்த முறை வந்தா ஏறலாம்."

சொல்லும்போதே எனக்குள் பெரிய ஆறுதல் ஒன்று வந்தது. மூச்சே இலகுவாகிவிட்டது. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். நிமிர்ந்தபோது மனைவி அங்கிருந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மகள் வாயை இறுக்கி அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள். மனைவி அவளிடம் போகவில்லை. கயிற்றிடம் வந்தாள். அருகில் வந்து நின்றபோது கயிறு அவளுடைய கழுத்தெலும்புக்குச் சற்றுக் கீழே தொட்டது. அவள் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தாள். கையை எடுத்து நெஞ்சில் அந்த இடத்திலேயே வைத்தாள். மகன் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து தலையால் முட்டுகிற இடம் அது.

"இது யார்ட அளவு?" என்றாள் மெதுவாக.

நான் தூணில் இருந்த முடிச்சைத் தடவினேன்.

"உங்களத்தான் கேக்கிறன்."

"முதலாளிட கம்பு. கோடு அந்த இடத்திலதான் இருந்திச்சி."

"முதல் நாள்ல இருந்தே உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம்."

"தனிய இதைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க."

அதைக் கோபத்தில் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பின்னால் இருந்து ஒரு பெண் சத்தம் போட்டாள். "என்ன புருசனும் பொஞ்சாதியும் குடும்பக் கதையை இங்கயா வெச்சிருக்கீங்க? புள்ளைகள் வெயில்ல காயுது!"

மனைவி திரும்பவில்லை. நாள் முழுக்கப் பிள்ளைகள் நெற்றியால் முட்டியும் கையால் பிடித்துத் தொங்கியும் கயிறு நடுவில் தொய்ந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"மகள், நடுவால வா."

மகள் என்னைப் பார்த்தாள். அவள் பின்னுக்குப் போய், திரும்ப நடந்து வந்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. கயிறு முதலில் அவள் முடியில் பட்டது. பிறகு நெற்றியின் மேல்விளிம்பில் பட்டு, சற்று முன்னே தள்ளுண்டு, தலைக்கு மேலால் வழுகிப் பின்னுக்குப் போனது.

"பட்டுட்டு," என்றார் உடப்பு ஆள். அவருக்கும் கதை ஏதோ விளங்கியிருந்தது போல. "வாங்க, புள்ளை. நடு வாங்கில இரிங்க. அங்க ஆட்டம் குறைவு. மாமா கம்பியை நல்லாப் பூட்டித் தாறன்."

நான் மனைவியைப் பார்த்தேன்.

"விடுங்க," என்றாள். "அவள் போகட்டும்."

உடப்பு ஆள் அவளை ஒரு பெரிய பெண்பிள்ளைக்குப் பக்கத்தில் இருத்தினார். சட்டத்தைப் போட்டு, இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தார். நானும் போய் உலுக்கிப் பார்த்தேன். அவள் மடிக்கும் சட்டத்துக்கும் இடையில் என் உள்ளங்கை போய் வந்தது. பூட்டைத் திறக்கச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என்ஜின் சத்தம் எழுந்துவிட்டது.

கப்பல் ஆடத் தொடங்கியது. முதலில் மெதுவாக, பிறகு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக. அத்தனை பிள்ளைகளின் கத்தலுக்குள்ளும் என் மகளின் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. கப்பல் மேலே போகும்போது அந்தக் குரல் நின்றது. கீழே வரும்போது திரும்ப எழுந்தது. நின்ற ஒவ்வொரு முறையும், வீதியில் பெண்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பார்களே, அதைப் போல நான் காத்திருந்தேன். மனைவி கப்பலைப் பார்க்கவில்லை. அதற்கு முதுகைக் காட்டி, கயிற்றின் ஓரமாக நின்று எதையோ ஓதிக்கொண்டிருந்தாள்.

என்ஜின் நின்றது. மகள் இறங்கி வந்தாள். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள்.

"உம்மா, கடல் தெரிஞ்சிச்சி. மெய்யா. நான் அந்த மேலுக்குப் போய்ட்டு வந்திட்டன்."

மனைவி அவளுடைய தலையைத் தடவினாள். தோளைத் தடவினாள். இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தாள். பிறகு அவளை என் பக்கம் தள்ளிவிட்டு, கயிற்றிடம் திரும்பினாள்.

"நடுவுல தொய்ஞ்சிருக்கு," என்றாள் என்னிடம். "இழுத்துக் கட்டுங்க."

நான் முடிச்சை அவிழ்த்து இழுத்தேன்.

"இன்னும்."

தூணில் காலை ஊன்றி இழுத்தேன். அவள் கயிற்றின் நடுவில் வந்து நின்றாள். கயிறு அவள் நெஞ்சில், மகன் முட்டுகிற அந்த இடத்துக்கு ஏறி வந்தது.

"இப்ப சரி," என்றாள். நான் முடிச்சைப் போட்டேன்.

வரிசையில் முதலாவதாக நின்ற பிள்ளை ஓடி வரப் பார்த்தது. மனைவி கையை நீட்டி மறித்தாள்.

"அக்கா, அடுத்த ஆக்களை விடவா?" என்று உடப்பு ஆள் கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க, தம்பி. இன்னும் ஒராள் இறங்க இருக்கு."

பிள்ளைகள் இறங்கிய உதைப்பில், அவளுக்குப் பின்னால் கப்பல் யாரும் இல்லாமல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டம் குறைந்து, குறைந்து, முழுதாக நிற்கிற வரைக்கும் அவள் ஒருவரையும் உள்ளே விடவில்லை.